எழுத்துக்கு முன் ஒலி: தமிழ் வாசிக்கத் தொடங்கும் குழந்தையின் காதைப் பழக்கும் முழுமையான வழிகாட்டி

நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைக்கு வீட்டிலோ மாலை வகுப்பிலோ தமிழ் வாசிக்கக் கற்றுத்தருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். 247 எழுத்தையும் தடங்கலின்றி ஒப்பிக்கும் குழந்தை, 'பட்டம்' என்ற சொல்லைக் காட்டினால் 'பானா, இட்டு, டானா, இம்மு' என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். எழுத்து தெரிகிறது. அதற்குள் இருக்கும் ஒலியைப் பிரிக்கவும் ஒட்டவும் தெரியவில்லை. இதற்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் மருந்து இன்னொரு முறை எழுத்து வரிசையை எழுத வைப்பது. அது உதவுவதில்லை.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குழந்தையின் காது நன்றாகக் கேட்கிறதா என்பது ஒன்று. கேட்ட சொல்லைத் துண்டு துண்டாகப் பார்க்கத் தெரிகிறதா என்பது இன்னொன்று. காது நன்றாக இருந்தும் இரண்டாவது வராத குழந்தைகள் நிறைய. அதனால் இரண்டையும் தனித்தனியாக, இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும்.

## தொடங்கும் முன் தேவையானவை

ஒரு பிடி புளியங்கொட்டை, ஒரு கிண்ணம், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி, ஒரு தாள். இவற்றோடு கையால் வரைந்த படங்கள் இருபது: முட்டை, மூட்டை, புலி, புளி, புள்ளி, பல்லி, குட்டி, மீன், மான், மாடு என்று கீழே வரும் சொற்களுக்கானவை. படம் அழகாக இருக்கத் தேவையில்லை. எது எது என்று குழந்தைக்கு முதலிலேயே சொல்லிவிட்டால் போதும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். நான்கு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உட்கார வைக்காதீர்கள். கூட்டமாகச் சொல்லும்போது தெரிந்த இருவர் குரலுக்குப் பின்னால் தெரியாத மற்றவர்கள் ஒளிந்துகொள்வார்கள்.

## 1. முதலில் காதைப் பாருங்கள்

இந்த வயதில் சளி பிடித்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது சாதாரணம். வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது. ஆனால் காதில் பஞ்சு வைத்ததுபோல் கேட்கும் திறன் மங்கிவிடும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே சரியாகும்; சிலருக்கு நீடிக்கும், திரும்பத் திரும்ப வரும். இதில் சிக்கல் என்னவென்றால், குழந்தைக்குப் பேச்சு கேட்கும். கூப்பிட்டால் திரும்பும். மெல்லிய ஒலிகள் மட்டும் தவறிப்போகும். அதனால் 'காது நல்லாத்தான் கேக்குது, கவனம்தான் இல்ல' என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுவார்கள்.

கவனிக்க வேண்டியவை: அடிக்கடி 'என்ன?' என்று கேட்பது, டிவி சத்தத்தைக் கூட்டுவது, ஒரே பக்கமாகத் தலையைச் சாய்ப்பது, வாயால் மூச்சு விடுவது, ஒரு வாரம் நன்றாக வாசித்துவிட்டு மறுவாரம் தடுமாறுவது. கடைசியாகச் சொன்னது முக்கியம். சளியோடு சேர்ந்து வந்து போகும் தடுமாற்றத்துக்குக் காதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டில் ஒரு எளிய சோதனை செய்யலாம். காதுக்கருவி அணிந்த குழந்தைகளுக்காக டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகள் இதற்கு உதவும்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலி வரை பேச்சின் வீச்சை இந்த ஆறும் தொடுகின்றன. அமைதியான அறையில் மூன்று மீட்டர் தள்ளி நின்று, பேசும் அளவுக் குரலில், வரிசை மாற்றி ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்கும்போதெல்லாம் குழந்தை ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும்.

வாயைத் தாளால் மறையுங்கள். உள்ளங்கையால் பொத்தினால் ஒலியும் மங்கும், மறைக்காவிட்டால் குழந்தை உதட்டைப் படித்துவிடும். ஒரே தாளத்தில் சொல்லாதீர்கள்; இடையில் சில நேரம் சும்மாவே நில்லுங்கள். இல்லாவிட்டால் கேட்காமலே தாளத்துக்குக் கொட்டை போடுவார்கள். ஸ், ஷ் இரண்டையும் 'ஸு', 'ஷு' என்று சொல்வது இங்கே எல்லோரும் செய்யும் பிழை. உயிரொலி சேர்ந்தால் அதுதான் கேட்கும், சோதனை பொய்யாகிவிடும்.

ஏதாவது ஓர் ஒலி இரண்டு மூன்று நாளிலும் தவறினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுங்கள். ஆறும் கேட்டாலும், மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் அப்போதும் காட்டுங்கள். வீட்டுச் சோதனை மருத்துவச் சோதனைக்கு ஈடாகாது. குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013 முதல் நடக்கும் அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வரும், கேட்கும் திறன் குறைபாடும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் உண்டு. குழு வரும் நாளில் உங்கள் சந்தேகத்தைத் தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டால் அந்தக் குழந்தையைத் தனியாகக் கவனிப்பார்கள்.

காய்ச்சிய எண்ணெய், ஹேர்பின், தீக்குச்சி, பட்ஸ் எதுவும் வேண்டாம். குறும்பியை உள்ளே தள்ளி அடைத்துவிடும், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும்.

காதுக்கருவியோ அறுவைச் சிகிச்சையால் உட்காதில் பொருத்தும் காக்ளியர் கருவியோ உள்ள குழந்தை என்றால் ஒவ்வொரு பாடத்துக்கு முன்னும் இந்த ஆறு ஒலியைச் சொல்லிப் பாருங்கள். பேட்டரி தீர்ந்துபோனதைக் குழந்தை சொல்லாமலே இருந்துவிடும்.

## 2. உட்காரும் இடம்

தகரக் கூரை, சுழலும் ஃபேன், அடுப்படியில் மிக்ஸி, தெருவில் ஒலிபெருக்கி. பெரியவர்கள் பாதி சொல் கேட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்வோம். ஊகிக்கத் தேவையான சொல்வளம் குழந்தையிடம் இன்னும் இல்லை, அதனால் இரைச்சலில் அதற்குத்தான் நஷ்டம் அதிகம்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலியின் அளவு சுமார் 6 டெசிபல் குறைகிறது. ஆகவே கத்திப் பேசுவதைவிட கிட்டே போவது மேல். ஒரு மீட்டருக்குள், எதிரே, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். கத்தினால் இன்னொரு கெடுதலும் உண்டு: உயிரொலிகள் பெரிதாகும், க், த், ப் போன்றவை அப்படியே சின்னதாக நிற்கும். நாம் கேட்கவைக்க நினைப்பது அந்தச் சின்ன ஒலிகளைத்தான்.

## 3. சொல்லைத் தட்டிப் பிரித்தல்

எழுத்தே இல்லாமல் தொடங்குங்கள். 'அம்மா' என்று சொல்லிக்கொண்டே தொடையில் தட்டச் சொல்லுங்கள். அம்-மா, இரண்டு தட்டு. யா-னை, இரண்டு. பட்-டம், இரண்டு. தக்-கா-ளி, மூன்று.

தமிழில் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஒலியை எழுத்தோடு இணைத்து வாசிக்கக் கற்றுத்தரும் ஆங்கில ஃபோனிக்ஸ் வகுப்புகளில் 'கேட்' (cat) என்பதை மூன்று ஒலியாக உடைப்பதுதான் சீக்கிரமே வரும் வேலை. அந்தச் சொல்லில் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு எழுத்து நிற்கிறது. நம் உயிர்மெய்யில் இரண்டு ஒலி ஒரே எழுத்தில் இருக்கின்றன. எழுத்தும் தட்டும் ஓரளவு ஒத்துப்போவதால் குழந்தைக்கு முதலில் பிடிபடுவது தட்டுதான், தனி ஒலி பின்னாடிதான் வரும். கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வும் தனி ஒலியைப் பிரிக்கும் திறன் மெதுவாகத்தான் வருகிறது என்று காட்டியது. அந்த எழுத்துமுறையும் நம்முடையதைப் போன்றதுதான்.

ஆசிரியர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 'அம்மா'வில் மூன்று எழுத்து, ஆகவே மூன்று தட்டு என்று திருத்துவார்கள். குழந்தையின் இரண்டுதான் சரி. புள்ளி வைத்த எழுத்துக்குத் தனித் தட்டு கிடையாது, அது முன்னால் உள்ளதோடு ஒட்டிக்கொள்ளும். இலக்கண வகுப்பின் நேரசை, நிரையசையையும் இங்கே கொண்டுவர வேண்டாம். அந்தக் கணக்கில் 'மலை' ஓர் அசை. குழந்தையின் தொடையில் அது இரண்டு.

தட்டுவது வந்ததும் திருப்பிக் கேளுங்கள். நீங்கள் 'தக்... கா... ளி' என்று இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும், குழந்தை படத்தைத் தொட வேண்டும். அப்புறம் ஒரு துண்டை எடுத்துவிட்டுச் சொல்லும் விளையாட்டு: 'தக்காளியில் ளி இல்லாவிட்டால்?' எடுப்பது சேர்ப்பதைவிடக் கடினம், அவசரப்பட வேண்டாம்.

## 4. குறில், நெடில்

தமிழில் நீளம் மாறினால் பொருளே மாறிவிடும். பின்னாளில் கால் போடாமலும் இரட்டைக் கொம்புக்குப் பதில் ஒற்றைக் கொம்பு போட்டும் எழுதும் குழந்தைகள் பலருக்கு நீளம் காதில் தங்காததுதான் காரணம்.

இரண்டு படத்தை வைத்து ஒன்றைச் சொல்லுங்கள், குழந்தை தொடட்டும்: முட்டை, மூட்டை. சிட்டு, சீட்டு. பட்டு, பாட்டு. நெடிலுக்குக் கையை நீட்டி இழுக்கச் சொல்லலாம்.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். புத்தகங்களில் வழக்கமாக வரும் 'குடை, கூடை' இந்த வேலைக்கு உதவாது. வீட்டில் குழந்தை கேட்பது 'கொட', 'கூட'. இரண்டுக்கும் நீளம் மட்டும் வித்தியாசமில்லை, உயிரொலியே வேறு. 'பல், பால்' வீட்டில் 'பல்லு, பாலு' ஆகிவிடும், அங்கே ஒற்றும் குறுக்கே வருகிறது. உயிருக்கு அடுத்து இரட்டித்த வல்லினம் வரும் சொற்களே பேச்சிலும் எழுத்திலும் அதிகம் மாறாமல் நிற்கின்றன. அதனால்தான் முட்டையும் மூட்டையும்.

குழந்தையைத் திருப்பிச் சொல்லவைத்துச் சோதிக்காதீர்கள், தொடவைத்துச் சோதியுங்கள். நாலு வயதில் ர, ழ போன்றவை நாவுக்கு வராமலிருப்பது இயல்பு. நாக்கு செய்யும் பிழையைக் காதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

## 5. ஒற்று இருக்கிறதா, இல்லையா

புளி, புள்ளி. எடு, எட்டு. குடி, குட்டி. இதுவும் அதே விளையாட்டுதான். ஒற்று வரும் இடத்தில் தட்டும் கையை அரை நொடி நிறுத்திப் பிடியுங்கள்: புள்... ளி. ஒற்று ஒரு நிறுத்தம் என்பது உடம்புக்குத் தெரிந்தால், பின்னால் புள்ளி வைத்த எழுத்தைப் பார்க்கும்போது 'இள்ளு' என்று தனியாக வாசிக்காது.

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இப்படி ஒரு படி இல்லை என்பதால் அங்கிருந்து எடுத்த பயிற்சித் தாள்களிலும் இருக்காது. 'பட்டம்' என்பதைப் 'படம்' என்றும், 'குட்டி'யைக் 'குடி' என்றும் எழுதும் பிழைகளை எண்ணிப் பார்த்தால் இதைத் தாண்ட மனம் வராது.

## 6. உயிர்மெய்யை உடைத்தல்

கடினமான படி இது. இங்கே நிதானம் தேவை.

முதலில் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சேருங்கள்: மரம், மலை, மயில். இது எளிது, குழந்தை 'ம' என்று சொல்லிவிடும். அடுத்து மாடு, மீன், முட்டை என்று வையுங்கள். 'எல்லாத்துலயும் ஒரே மாதிரி என்ன இருக்கு?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்பார்கள். அது சரியான பதில்தான். அவர்கள் கேட்பது மா, மீ, மு என்ற மூன்று தனித் துண்டுகள்.

கண்ணாடியைக் கையில் கொடுங்கள். மூன்று சொல்லையும் சொல்லத் தொடங்கி, வாய் திறக்கும் முன் நிறுத்தச் சொல்லுங்கள். உதடு மூடியிருக்கும். 'ம்ம்ம்ம்' என்று முணுமுணுப்பு கேட்கும். ஒலியைக் காதால் பிரிக்க முடியாத குழந்தைக்கு உதடு பிரித்துக் காட்டிவிடுகிறது. அப்புறம் 'ம்ம்ம்ம்-ஆ', 'ம்ம்ம்ம்-ஈ', 'ம்ம்ம்ம்-உ' என்று மூச்சை விடாமல் இழுத்து ஒட்டுங்கள்.

ம், ன், ல் போன்று இழுக்க முடிந்த ஒலிகளில்தான் தொடங்க வேண்டும். க், த், ப் நொடியில் முடிந்துவிடும், இழுக்க வராது. ஆனால் நாம் எழுத்து சொல்லித்தருவதோ 'க' வரிசையில் தொடங்கி. ஒப்பிப்பதற்கு அந்த வரிசை சரி, ஒட்டிப் பழகுவதற்கு 'ம' வரிசை நல்லது.

இன்னொரு தடங்கல் நாம் மெய்யெழுத்துக்குச் சொல்லும் பெயர். இக், இங், இச் என்று சொல்லிப் பழகிய குழந்தையிடம் 'இம்மும் ஆவும் சேர்ந்தால்?' என்று கேட்டால் 'இம்மா' என்றுதான் வரும். அது சொன்னதைச் சரியாகவே ஒட்டியிருக்கிறது. ஒட்டும் பயிற்சியில் மட்டும் 'இ'யை விட்டுவிட்டு 'ம்ம்' என்றே சொல்லுங்கள். பாரம்பரியப் பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஒப்பிக்கும்போது இம், ஒட்டும்போது ம்ம், அவ்வளவுதான்.

ஒட்டுவது வந்தபின் மாற்றுவது. மாடு, பாடு, காடு, நாடு என்று முதல் ஒலியை மட்டும் மாற்றுங்கள். பிறகு முதல் ஒலியை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் உயிரை மாற்றுங்கள்: மாடு, மூடு, மேடு. மீன், மான். இரண்டாவது வகை தயக்கமில்லாமல் வந்தால் இந்தப் படி முடிந்தது. பொருளில்லாத சொல் வந்தாலும் பரவாயில்லை, குழந்தைகள் அதற்குத்தான் அதிகம் சிரிப்பார்கள்.

## 7. எழுத்தைக் கொண்டுவருதல்

ஆறாம் படி முழுதாக முடியும்வரை எழுத்தைத் தொடாமல் இருக்கத் தேவையில்லை. ஐந்தாம் படி முடிந்ததும் சில எழுத்துகளைக் காட்டத் தொடங்கலாம். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில், ஒலிப் பயிற்சி எழுத்தோடு சேரும்போது கூடுதல் பலன் தருகிறது என்று சொன்னது ஆங்கிலத்துக்கு. ஆனால் உயிர்மெய்யை உடைக்கும் வேலை கண்ணுக்குத் தெரியும் ஒன்றோடு சேர்ந்தால் தமிழிலும் எளிதாகிறது.

ப, ட, ம, பிறகு புள்ளி, பிறகு கால். இவ்வளவிலேயே படம், பட்டம், மடம், மட்டம், பாடம், மாடம் வந்துவிடும். நீளமும் ஒற்றும் காதில் பழகியிருப்பதால், கால் என்றால் இழு, புள்ளி என்றால் நிறுத்து என்று சொன்னதும் பிடித்துக்கொள்வார்கள்.

கொம்பு வரும்போது கண்ணும் காதும் முரண்படும். 'கொ'வில் முதலில் எழுதுவது கொம்பு, ஆனால் முதலில் ஒலிப்பது க். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசிக்கும் குழந்தை இங்கே சிக்கும். கொம்பைப் பார்த்ததும் வாயை மூடி அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கப் பழக்குங்கள். கெ, கே நன்றாக வந்த பிறகே கொ, கோ.

க, ச, ட, த, ப சொல்லில் வரும் இடத்துக்கு ஏற்ப வேறு ஒலி எடுக்கும். கல், தங்கம், அகல் மூன்றிலும் 'க' ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. இதை விதியாகச் சொல்லித்தர வேண்டாம். 'தங்கம்' என்பதைக் கடினமாக வாசித்தால், 'நாம எப்படிச் சொல்வோம்?' என்று கேளுங்கள். சொல் ஏற்கனவே தெரிந்திருப்பதால் தானாகத் திருத்திக்கொள்ளும். குழந்தைக்குத் தெரிந்த சொற்களாலேயே தொடக்க வாசிப்பு இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

## 8. புத்தகத் தமிழுக்குக் காதைப் பழக்குதல்

சொல்வதை எழுதச் சொன்னால் 'மரம்' என்பதற்கு 'மர' என்று எழுதும். இலை 'எல' ஆகும். பால் 'பாலு' ஆகும். இவை காதுக் கோளாறில்லை. பேச்சில் 'மரம்' முடியும்போது உதடு மூடுவதில்லை, மூக்கொலி மட்டும் லேசாக வரும். குழந்தை கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறது.

தினமும் ஐந்து நிமிடம் கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டுங்கள். கதை சொல்லும்போது பேச்சுத் தமிழில் சொல்லலாம், வாசிக்கும்போது எழுத்தில் உள்ளதை அப்படியே ஒலிக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் எதை எழுத வேண்டும் என்பது குழந்தைக்குக் குழம்பும்.

## 9. ல ள ழ, ண ந ன, ர ற

இவற்றைக் கடைசியில் வையுங்கள். இவை ஒரே வகைச் சிக்கல் அல்ல.

ல, ள காதால் பிரிக்கக் கூடியவை. புலி, புளி என்று படம் தொடவையுங்கள். 'ல'வுக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பக்கம், 'ள'வுக்கு நாக்கு நுனி பின்னால் மடிந்து, என்று கண்ணாடியில் காட்டுங்கள். ண, ன இரண்டுக்கும் அதே முறை: கண்ணு, கன்னு. 'ழ' பல ஊர்களில் பேச்சிலேயே 'ள' ஆகவோ 'ய' ஆகவோ மாறிவிட்டது. வீட்டில் யாரும் சொல்லாத ஒலியைக் குழந்தை சொல்லவில்லை என்று கடிந்துகொள்வதில் பயனில்லை, நீங்கள் சொல்லிக் காட்டுங்கள்.

ந, ன இரண்டும் இன்றைய பேச்சில் பெரும்பாலோருக்கு ஒரே ஒலி. ர, ற வும் சொல்லின் நடுவில் அப்படித்தான். 'நல்லா காதைக் குடுத்துக் கேளு' என்று எத்தனை முறை சொன்னாலும், இல்லாத வித்தியாசம் கேட்காது. இங்கே காதை விட்டுவிட்டு இடத்தைச் சொல்லித்தாருங்கள். சொல்லின் தொடக்கத்திலும் 'த'வுக்கு முன்னாலும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. 'ற' சொல்லின் தொடக்கத்தில் வராது. 'ர' இரட்டிக்காது. மீதியைக் கண்ணால் பார்த்து நினைவில் வைக்க வேண்டியதுதான்.

## 10. நகராவிட்டால்

ஒரு படியில் மூன்று நான்கு வாரம் நின்றுவிட்டால் ஒரு படி பின்னால் போய்ச் சோதியுங்கள். ஆறாம் படியில் நிற்பவர்கள் பலருக்கு உண்மையில் நான்காம் படி அரைகுறையாக இருக்கும்.

சளிக் காலம் என்றால் ஆறு ஒலிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். சென்ற மாதம் கேட்ட காது இந்த மாதம் மங்கியிருக்கலாம். ஆடியோகிராம் எடுத்து ஆறு மாதமாகிவிட்டால் அதையே நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

காது சரி, பத்து நிமிடப் பயிற்சியும் தொடர்ந்து நடக்கிறது, ஆனாலும் ஏழு வயதில் இரண்டு ஒலியை ஒட்ட வரவில்லை என்றால், அல்லது வீட்டில் யாருக்காவது வாசிப்புச் சிரமம் இருந்திருந்தால், டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கிறதா என்று சிறப்புக் கல்வி ஆசிரியரிடமோ குழந்தை மனநல நிபுணரிடமோ பாருங்கள். போகும்போது எந்தப் படியில், எந்தச் சொற்களில் தடுமாறுகிறது என்று எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். 'படிக்க மாட்டேங்கிறான்' என்று சொல்வதைவிட 'முட்டை, மூட்டை பிரிக்கிறான், மாடு, மேடு மாற்ற வரவில்லை' என்று சொன்னால் அவர்கள் எங்கே தொடங்குவது என்று அங்கேயே முடிவு செய்துவிடுவார்கள்.